கரோக்கே ட்ராக்குக்கு அனுமதி கோரல்

ஐயாத்துரை பாடிய பாட்டின் சத்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோயிருந்தது. படம் ஓடியது. முரசுமோட்டை வீட்டின் முன்னறையில் கதிரையின் விளிம்பில் இருந்தபடி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வாயை அசைத்தார். போனில் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் கேட்கவில்லை. பதிப்புரிமைக் கோரிக்கை ஒன்றின் காரணமாக இந்தக் காணொளியின் ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

வேறு பாட்டென்றால் அவர் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். அவருடைய இணையப் பக்கத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பாட்டுகள் கிடந்தன. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஆறு ஏக்கர் நெல் செய்கிறவர் அவர். விதைப்பு முடிந்து பசளை போடுவதற்கிடையில் வரும் ஓய்வில் பழைய படப்பாட்டுகளைக் கரோக்கேயில் பாடி, இணையத்தில் போடுவார். குரல் இல்லாமல் இசை மட்டுமுள்ள ட்ராக் ஓடும். இவர் மேலே பாடுவார். அவ்வளவுதான். ஊருக்குள் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுவார்கள்.

ஆனால் சத்தம் நின்ற பாட்டு, தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவர் பாடிய முதல் பாட்டு. கழுத்தில் வந்த கட்டி குரல்நரம்போடு ஒட்டியிருந்தது. வெட்டும்போது குரல் போகலாம் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். பதினான்கு மாதம் ஐயாத்துரை காற்றால் கதைத்தார். உழவு மெசின்காரனைக் கூப்பிடுவதற்குக் கையைத் தட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது. ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட கை காயுமுன்னமே, "மைக்கை எடும்" என்று மனைவியிடம் கேட்டார். மின்விசிறியை நிற்பாட்டி, கதவைச் சாத்தி, போனைப் பிடித்தவர் கமலாசனிதான். பாடி முடித்த பிறகும் போனை நிற்பாட்ட அவ மறந்ததில், கடைசிப் பத்து விநாடி பாட்டில்லாமலே படம் ஓடும்.

அந்தப் பாட்டைத்தான் இப்போது ஊமையாக்கியிருந்தார்கள்.

"இரண்டாம் தரமும் குரல் போட்டுது" என்று ஐயாத்துரை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மைக்கைத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு வயலுக்குப் போனவர், அதற்குப் பிறகு ஒரு கிழமையாகக் குளிக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை.

பரந்தனில் போன் கடை வைத்திருக்கும் நிருஷன் கமலாசனியின் தங்கை மகன். இப்படியான சிக்கல்களோடு அவனிடம் நாளுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். அவன் போனைப் பார்த்துவிட்டு இது ஐந்து நிமிட வேலை என்றான். பாட்டின் சுருதியை அரைக்கட்டை ஏற்றி, வேகத்தைச் சற்றுக் கூட்டிப் புதிதாகப் போட்டால் காணொளித் தளத்தின் கணினி கண்டுபிடிக்காது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று விளக்கினான்.

கமலாசனி மாட்டேன் என்றா. "அரைக்கட்டை ஏத்தினா அது உன்ர பெரியப்பான்ர குரலா இருக்காதடா. வேற ஆரோ ஒரு ஆள் பாடினமாதிரி இருக்கும். அதோட, ஒளிச்சுப் போடுறதுக்கு நாங்கள் என்ன களவோ எடுத்தனாங்கள்?"

கேட்டுவிட்டு அவவே சற்றுநேரம் யோசித்தா. பிறகு, "எடுத்தனாங்களோ தெரியாது. வாசிச்சுப் பாப்பம்" என்றா.

வாசிப்பது அவவுக்குப் புதிதில்லை. முப்பத்திரண்டு வருடம் உப தபால் அதிபராக இருந்து ஏழு மாதத்துக்கு முன்தான் ஓய்வுபெற்றவ. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் தபாலகம் நடந்த காலத்திலும் கையெழுத்து வாங்காமல் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்ததில்லை. ஊரில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவவிடம்தான் வருவார்கள். எந்தப் படிவத்தையும் முதலில் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பது அவவின் பழக்கம். முக்கியமானதைக் கடைசியில்தான் சின்ன எழுத்தில் போடுவார்கள் என்பா.

தளத்தின் அறிவித்தலையும் அப்படித்தான் வாசித்தா. எல்லாரும் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். 'விபரம்' என்ற இடத்தை அழுத்தினால் உள்ளே இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில், பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையான கம்பனியின் பெயர். அதற்கு எதிரே, பாடிப் பகிரலாம், விளம்பரம் வந்தால் வருமானம் உரிமையாளருக்கு என்று இருந்தது. இரண்டாவது வரியில் வேறொரு பெயர். அது பின்னால் ஓடும் இசையின் ஒலிப்பதிவுக்கான உரிமை. அதற்கு எதிரேதான், ஒலியை நிறுத்தவும் என்று இருந்தது.

நிருஷன் இதுவரைக்கும் படக் கம்பனிதான் பாட்டுகளை நிறுத்துகிறது என்று நினைத்திருந்தான். அவன் கடைக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஐந்து நாள் கமலாசனி புலமைச் சொத்துச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை இணையத்திலிருந்து எடுத்து, அச்சடித்து, பென்சிலால் கோடிட்டு வாசித்தா. குசினியில் சோறு வடியும்வரைக்கும் வாசித்தா. ஐயாத்துரை வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது, விளங்கியதைச் சொன்னா. பாட்டு என்று நாம் சொல்வதற்குள்ளே பல பேர் இருக்கிறார்கள். வரி எழுதினவர் ஒருவர். மெட்டுப் போட்டவர் ஒருவர். அதைக் கருவிகளால் வாசித்துப் பதிவுசெய்தவருக்கு அந்தப் பதிவில் தனி உரிமை. பாடினவருக்கும் தன் குரலில் ஓர் உரிமை உண்டு.

"நாங்கள் இவ்வளவு பேரையும் ஒரு ஆள் எண்டு நினைச்சிட்டம்" என்றா.

நாங்கள் ஒரு சதமும் உழைக்கவில்லையே, ஆசைக்குத்தானே பாடினோம் என்று ஐயாத்துரை வாதாடினார். உழைக்காதது வேறு, அனுமதி எடுத்தது வேறு என்று கமலாசனி சொன்னா. ஒவ்வொரு பாட்டின் கீழும் 'உரிமை எங்களுடையதல்ல, பொழுதுபோக்குக்காக மட்டும்' என்று தானே எழுதிவந்ததையும், அதனால் ஒரு பயனும் இல்லை என்பதையும் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டா. உரிமை எங்களுடையதல்ல என்று எழுதினால், பிறகு யாருடையது என்று கேட்கத்தானே வேண்டும்?

கேட்டா. இரண்டாவது வரியில் இருந்த பெயர் ஒலிப்பதிவுகளைப் பலருக்காகப் பதிந்து கண்காணிக்கும் ஒரு முகவர் நிலையம். அதன் மின்னஞ்சலுக்கு நிருஷனைக் கொண்டு எழுதுவித்தா. ஒன்பது நாளில் மூன்று வரியில் பதில் வந்தது. குறிப்பிட்ட கரோக்கே ட்ராக்கின் உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்தால் ஒலியைத் திரும்ப விடலாம் என்றும், அவர் பெயர், முகவரி இன்னதென்றும் எழுதியிருந்தார்கள். சென்னை முகவரியோ சிங்கப்பூர் முகவரியோ வரும் என்று கமலாசனி எதிர்பார்த்திருந்தா.

க. கிருசாந்தன், குருமன்காடு, வவுனியா என்று இருந்தது.

ஐயாத்துரைக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் யாரோ முகம் தெரியாத பெரிய கம்பனி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தவர். பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடிய ஓர் ஆள் என்றதும் தாங்கமுடியவில்லை. "வவுனியாவில இருந்துகொண்டு என்ர வாயைப் பொத்துறானோ? நானும் வாறன். நேர கேட்டிட்டு வருவம்" என்றார்.

"கேக்கத்தான் போறம். ஆனா நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது" என்றா கமலாசனி.

அவ நிருஷனின் கடையில் ஒரு கடிதம் அடித்து எடுத்தா. வழக்கமான அரச கடிதத்தின் அமைப்பில், அனுப்புநர், பெறுநர், திகதி எல்லாம் போட்டு, நடுவில் 'தங்களது கரோக்கே ட்ராக்கைப் பயன்படுத்த அனுமதி கோரல்' என்று கோடிட்டு எழுதியிருந்தது. கூடவே முகவரி எழுதி முத்திரை ஒட்டிய பதில் உறை ஒன்றும் வைத்தா. நேரே போகும்போது பதில் உறை எதற்கு என்று ஐயாத்துரை கேட்டார். அவர் யோசித்துச் சொல்ல விரும்பலாம், அதற்கு என்றா.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனார்கள். குருமன்காட்டில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. கலியாண வீடுகளுக்கு ஓர்கன் வாசிக்கிற கிருசாந்தன் என்றதும் கடைக்காரர் கைகாட்டினார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். கேற்றுக்கு உள்ளே நின்றபடி, கேற்றைத் திறக்காமலே, "ட்ராக் விசயமோ?" என்று கேட்டார். முகம் இறுகியிருந்தது. கடந்த நான்கு மாதத்தில் பதின்மூன்று பேர் போனில் கூப்பிட்டு ஏசியிருக்கிறார்கள் என்பதும், ஒருவர் வீட்டுக்கே வந்து சத்தம்போட்டுவிட்டுப் போனார் என்பதும் அவர்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"ஓம், ட்ராக் விசயம்தான்" என்று ஐயாத்துரை தொடங்கினார். கமலாசனி அவருக்கு முன்னால் வந்து, கேற்றுக் கம்பிக்குள்ளால் உறையை நீட்டினா.

கிருசாந்தன் நின்ற இடத்திலேயே கடிதத்தை வாசித்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'தாங்கள் வாசித்துப் பதிவுசெய்த ட்ராக்கைத் தங்களிடம் கேளாமல் என் கணவர் பயன்படுத்தியமைக்கு முதலில் வருந்துகிறோம். அதன் உரிமையாளர் ஒருவர் இருப்பார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அந்த ஒரு காணொளிக்கு மட்டும் தாங்கள் அனுமதி தருவீர்களாயின் நன்றியுடையவர்களாவோம். அனுமதி தர விரும்பாவிடின் அதனையும் ஏற்றுக்கொள்வோம்.'

அவர் வாசித்து முடித்து, திரும்பவும் மேலே போய்ப் பெறுநர் என்ற இடத்தில் தன் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"பதினொரு வருசம், அம்மா" என்றார். "ஆயிரத்துக்குக் கிட்ட ட்ராக் செய்திருப்பன். அனுமதி கேட்டு ஒருத்தரும் எழுதினதில்லை."

கேற்றைத் திறந்தார்.

வீட்டின் பக்க அறையில் யன்னலை மறைத்து மெத்தை ஒன்று நிமிர்த்தி வைத்திருந்தது. ஓர்கன், ஒரு கணினி, சுவரில் தொங்கிய மூன்று புல்லாங்குழல். அவருடைய மனைவி நிரோஜா தேத்தண்ணி கொண்டுவந்தா. கிருசாந்தன் ட்ராக் செய்யும் விதத்தைச் சொன்னார். பழைய பாட்டைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். ஐயாத்துரை பாடிய அந்தப் பாட்டுக்கு மட்டும் பத்தொன்பது நாள் பிடித்தது. பழைய பதிவு தேய்ந்திருந்ததால் வயலின்கள் என்ன வாசிக்கின்றன என்பதே பல இடத்தில் விளங்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு வயலின் வித்துவானைப் பிடித்து இரண்டு இடத்தைக் கேட்டுத் தெளிந்தார். இத்தனையும் செய்து இணையத்தில் போட்ட ட்ராக்குகளை வேறோர் இணையப் பக்கம் அப்படியே எடுத்து, தங்கள் பெயரைப் போட்டு விற்றது. அது தெரிந்தபோதுதான் முகவர் நிலையத்தில் பதிந்தார். கள்ளமாக விற்பவர்களை மட்டும் பிடிப்பார்கள் என்று நினைத்தார். ஆசைக்குப் பாடுகிறவர்களின் சத்தத்தையும் சேர்த்து நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"ஒப்பந்தத்தில எழுதியிருக்குமே, தம்பி. வாசிக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

கிருசாந்தன் தலையைக் குனிந்து சிரித்தார். கமலாசனி விடவில்லை. அந்த மெட்டை வாசிக்க நீங்கள் உரியவர்களிடம் அனுமதி எடுத்தீர்களா என்றும் கேட்டா. ஐயாத்துரைக்கே கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் கிருசாந்தன் எழுந்து ஒரு பைலைக் கொண்டுவந்தார். அந்த ட்ராக்குக்கு முகவர் மூலமாக எடுத்த உரிமம் அதில் இருந்தது. கமலாசனி அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து, சரி என்றா.

அதற்குப் பிறகு கிருசாந்தன், ஐயா பாடியதைக் கேட்கலாமா என்று கேட்டார். தளத்தில்தான் சத்தமில்லை, கமலாசனியின் போனில் பதிந்தது அப்படியே இருந்தது. கணினியில் போட்டு, பெரிய ஸ்பீக்கரில் விட்டார்.

இரண்டாவது சரணத்தில், மெட்டு மேலே ஏறும் இடத்தில், ஐயாத்துரையின் குரல் உடைந்தது. இசை ஓடிக்கொண்டிருக்க, குரல் இல்லை. பிறகு கீழிருந்து ஒரு பிடி கிடைத்து, அதே வரியை வேறு உயரத்தில் பாடி, தாளம் தவறாமல் வந்து சேர்ந்தார். கிருசாந்தன் அந்த இடத்தை இரண்டாம் தரம் போட்டுக் கேட்டார்.

"இதில ஏன் ஐயா நிப்பாட்டினீங்கள்?"

ஐயாத்துரை சட்டைக் கொலரை விலக்கித் தழும்பைக் காட்டினார். ஏச வந்தவர், பதினான்கு மாதக் கதையையும் சொன்னார். கட்டியைப் பற்றி, குரல் வராமல் கைதட்டிய நாட்களைப் பற்றி, அந்த மத்தியானத்தைப் பற்றி.

கிருசாந்தன் ஓர்கனில் அந்த வரியைக் கீழிறக்கி ஒருதரம் வாசித்துப் பார்த்தார். பிறகு, ட்ராக்கை இரண்டு கட்டை இறக்கித் தருகிறேன், உங்கள் இப்போதைய குரலுக்கு வசதியாக இருக்கும், திரும்பப் பாடுங்கள் என்றார்.

"வேற பாட்டுக்குத் தாங்கோ, தம்பி, பாடுறன்" என்றார் ஐயாத்துரை. "இது இப்பிடியே இருக்கட்டும். அண்டைக்கு எனக்கு இருந்த குரல் இதுதான். உடைஞ்ச இடத்தில திரும்பப் பிடிச்சனான். அது எனக்குப் பெரிய விசயம்."

அனுமதியை எழுதும்போது ஒரு சிறிய தகராறு வந்தது. கிருசாந்தன் பேனையை எடுத்து, 'எனது எல்லா ட்ராக்குகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்' என்று எழுதத் தொடங்கினார். கமலாசனி தாளைத் தன் பக்கம் இழுத்தா.

"எல்லாம் எண்டு எழுதக்கூடாது. எந்த ட்ராக், ஆருக்கு, எங்க போடுறதுக்கு, விற்கலாமோ இல்லையோ, உங்கட பேர் எப்பிடிப் போடவேணும். ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, நான் எழுதுறன். உங்கட பத்தொன்பது நாள் வேலை, தம்பி. அதை இப்பிடி வாரி இறைக்காதேங்கோ."

அவர் சொல்லச் சொல்ல அவ எழுதினா. பெயர் கட்டாயம் போடவேண்டும் என்ற நிபந்தனையை அவர் சொல்லத் தயங்கினார். அவவே அதை முதலாவதாக எழுதினா. கையெழுத்து வைத்ததும் திகதி போடும்படி நினைவூட்டினா. வெளியே வரும்போது நிரோஜா அவவின் கையைப் பிடித்து, இவர் இந்த ட்ராக் வேலையை விட்டுவிடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தக் கடிதத்தை நான் எடுத்து வைக்கிறேன் என்று மெல்லச் சொன்னா.

அனுமதியின் பிரதியை நிருஷன் முகவர் நிலையத்துக்கு அனுப்பினான். அடுத்த புதன்கிழமை கமலாசனி குசினியில் கீரை அரிந்துகொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து பாட்டுக் கேட்டது. நேரிலே பாடுகிறார் என்று முதலில் நினைத்தா. வந்து பார்த்தால் ஐயாத்துரை போனை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குரல் உடையும் இடம் வந்தது. குரல் திரும்பும் இடமும் வந்தது. அவர் கழுத்து நிமிர்ந்து நின்றது. பக்கத்து வளவில் வேலியடைத்துக்கொண்டிருந்த கணபதி, "ஐயாத்துரையண்ணை, சத்தம் வந்திட்டுதோ" என்று அங்கிருந்தே கேட்டார். வந்துவிட்டது என்று இவர் இங்கிருந்தே சொன்னார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்படி அவர் குரல் எழுப்பி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

பாட்டின் கீழே கமலாசனி நிபந்தனைப்படி எழுதியிருந்தா. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியவர்களின் பெயர், கரோக்கே ட்ராக்: க. கிருசாந்தன், வவுனியா, பாடியவர்: சி. ஐயாத்துரை, முரசுமோட்டை. மத்தியானம் பார்த்தபோது அதன் கீழே இன்னொரு வரி கூடியிருந்தது. ஐயாத்துரை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார்: 'அனுமதி பெற்றவர் ஐ. கமலாசனி, ஓய்வுபெற்ற உப தபால் அதிபர்.' இதையெல்லாம் ஏன் போட்டீர்கள் என்று அவ கேட்டா. எல்லாருடைய பெயரும் போடவேண்டும் என்று நீர்தானே சொன்னீர் என்றார்.

மற்ற அறுபது பாட்டுகளையும் அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ட்ராக் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். ட்ராக் செய்தவரைக் கண்டுபிடிக்க முடியாத பத்தொன்பது பாட்டை ஐயாத்துரை தானே எடுத்துவிட்டார். அதில் அவருக்கு மிகவும் பிடித்த மூன்றும் போயின. மனம் நொந்ததுதான். கிருசாந்தன் அந்த மூன்றுக்கும் உரிமம் எடுத்து, இரண்டு கட்டை இறக்கிப் புதிதாக வாசித்துத் தரத் தொடங்கியிருக்கிறார். முதலாவது வந்துவிட்டது.

கமலாசனி எழுதிய அந்த அனுமதிப் படிவத்தைத் தன்னுடைய பக்கத்தில் போடலாமா என்று கிருசாந்தன் கேட்டார். எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுவேன் என்றார். போட்டார். முகவர் நிலையத்தோடு செய்த ஒப்பந்தத்தையும் திருத்திக்கொண்டார். படிவம் நிரப்பி அனுப்புகிறவர்களின் சத்தம் நிற்காது. பெயரை மாற்றி விற்கிறவர்களுடையதுதான் நிற்கும். இரண்டு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் படிவம் வந்திருக்கிறது. நாயாற்றிலிருந்து ஒரு மீன் வியாபாரி, ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை, கனடாவிலிருந்து இரண்டு சகோதரர்கள். முன்பு போனில் ஏசிய பதின்மூன்று பேரில் நான்கு பேரும் அனுப்பியிருக்கிறார்கள் என்று கிருசாந்தன் சொன்னபோது கமலாசனி வாய்விட்டுச் சிரித்தா. நிருஷன் தன் கடைச் சுவரில் படிவத்தின் பிரதி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறான். சுருதி மாற்றித் தரும்படி வருகிறவர்களிடம் அதைக் காட்டுகிறான்.

படிவத்தின் அடியில் கமலாசனியின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. விளங்காதவர்கள் கூப்பிடட்டும் என்று அவதான் போடச் சொன்னா. நேற்றுக் காலை கொக்கிளாயிலிருந்து சாரங்கா என்ற ஒரு பிள்ளை எடுத்தாள். கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் நின்று பாடிய பாட்டாம், ஒலியை நிறுத்திவிட்டார்களாம், யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லையாம்.

கமலாசனி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்தா.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. விபரம் எண்டு ஒரு இடம் இருக்கும், அதை அமத்துங்கோ. என்ன எழுதியிருக்கு எண்டு ஆறுதலா வாசியுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."